இணைய அகராதியில் இலக்கிய மேற்கோள்: எடுப்பது முதல் சேமிப்பது வரை

‘நாற்றம்’ என்று இன்று யாராவது சொன்னால் கை தானாக மூக்குக்குப் போகும். திருக்குறளில் அதே சொல் மொட்டுக்குள் இருக்கும் மணத்தைக் குறிக்கிறது. அகராதியில் ‘நறுமணம்’ என்று மட்டும் எழுதிவிட்டால் படிப்பவர் நம்பமாட்டார். யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்று அந்தப் பொருளை நீக்கவும் செய்வார். குறளை அடியில் வைத்தால் பேச்சு முடிந்தது. இலக்கிய மேற்கோளின் வேலை இதுதான். அது பக்கத்துக்குப் போடும் நகை இல்லை, சாட்சி.

சாட்சி என்றால் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று, படிப்பவர் அந்த நூலுக்குப் போய், அந்த அடியை எடுத்து, தானே சரிபார்க்க முடிய வேண்டும். இரண்டு, எது புலவர் எழுதியது, எது நீங்கள் சேர்த்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். இனி வரும் ஒவ்வொரு நடைமுறையும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றுக்காகத்தான். விக்சனரி போல யார் வேண்டுமானாலும் தொகுக்கக்கூடிய அகராதிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அங்கே வழங்கும் குறியீடுகளைத்தான் காட்டப்போகிறேன்.

முதலில் மேற்கோளைத் தேர்ந்தெடுங்கள்

அந்தச் சொல் வந்துவிட்டது என்பதற்காக ஒரு பாட்டைத் தூக்கிப் போடக்கூடாது. அந்தச் சொல்லின் *அந்தப் பொருள்* அந்த அடியிலேயே தெரிய வேண்டும். நாற்றத்துக்கு நான் எடுப்பது இந்தக் குறள்:

முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல் பேதை
நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு

எண் 1274, குறிப்பறிவுறுத்தல் அதிகாரம். மொட்டுக்குள் இருப்பது என்று அடியே சொல்கிறது. காதலியின் அடக்கிய சிரிப்புக்கு அது உவமையாகவும் வருகிறது. கெட்ட வாடை என்று பொருள்கொள்ள இடமே இல்லை. நல்ல மேற்கோள் இப்படித்தான் இருக்கும்: அகராதிப் பொருளை மறைத்துவிட்டுப் படித்தாலும் பாதியாவது ஊகிக்க முடியும்.

எவ்வளவு நீளம் எடுப்பது? குறள் என்றால் கவலையில்லை, ஏழு சீர்தான். சங்கப் பாட்டில்தான் சிக்கல். அகநானூற்றில் ஒரு வாக்கியம் பத்தடி தாண்டியும் ஓடும். வினைமுற்று எங்கோ கடைசியில் உட்கார்ந்திருக்கும். சொல் இருக்கும் அடியை மட்டும் வெட்டினால் அந்தரத்தில் தொங்கும். முழுப்பாட்டையும் போட்டால் ஒரு சொல்லைத் தேடி வந்தவர் பாட்டுக்குள் தொலைந்துபோவார். பொருள் முடியும் இடம் வரை, இல்லையென்றால் அந்தத் தொடர் முடியும் இடம் வரை எடுங்கள். குறுந்தொகை 40ஆம் பாட்டில் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்ற ஓர் அடி ‘செம்புலம்’ என்ற சொல்லுக்குப் போதும். ‘கல’ என்ற வினைக்கு அது போதாது, அடுத்த அடியும் வேண்டும். அதாவது ஒரே பாட்டை இரண்டு பக்கங்களில் இரண்டு அளவில் வெட்ட நேரும்.

ஒரு பொருளுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ‘அன்பு’ பக்கத்தில் அன்புடைமை அதிகாரம் முழுவதையும் கொட்டிவைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆசையில் செய்ததுதான், ஆனால் அது அகராதி இல்லை.

மூலத்தை உறுதி செய்யுங்கள்

மனப்பாடமாகத் தெரிந்த வரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ‘அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்’ ஆத்திசூடி என்று பலர் சொல்வார்கள். அது கொன்றை வேந்தனின் முதல் அடி. பள்ளிப் பருவத்தில் எல்லாம் ஒன்றாக நுழைந்ததால் வந்த குழப்பம். ஆகவே மனத்திலிருந்து எழுதாதீர்கள், நூலைத் திறங்கள்.

மூலத்துக்கு இப்போது பஞ்சமில்லை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து இலக்கியங்களைத் தட்டச்சு செய்து தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் மூலமும் உரையும் கிடைக்கும். விக்கிமூலத்தில் தட்டச்சு வடிவத்தின் பக்கத்திலேயே நூலின் படத்தையும் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஐயம் வந்தால் அச்சுப் பக்கத்தையே பார்த்துவிடலாம். தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து நகலெடுப்பதுதான் கூடாது. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் நகலெடுத்து, அதை இன்னொருவர் நகலெடுத்து, கடைசியில் பிழைதான் பெரும்பான்மையாக இருக்கும்.

இங்கே பாடபேதமும் உண்டு. பழைய நூல்கள் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தவை. ஓலையில் புள்ளி வைப்பதில்லை, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. அதனால் ஒரே அடி இரண்டு பதிப்பில் இரண்டு விதமாக இருக்கலாம். ஒரு பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலடியை இதிலும் இரண்டாமடியை அதிலும் எடுத்து ஒட்டினால் எந்தப் பதிப்பிலும் இல்லாத ஒரு பாட்டை நீங்கள் எழுதியதாகிவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலிருந்து மேற்கோளை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதி பெரிய புதையல், சந்தேகமில்லை. ஆனால் அச்சில் இடம் மிச்சம் பிடிக்க மேற்கோளை இரண்டு மூன்று சொல்லாக நறுக்கியிருப்பார்கள், நூற்பெயரும் ‘புறநா.’, ‘சீவக.’, ‘கம்பரா.’ என்று சுருங்கியிருக்கும். அதை அப்படியே ஒட்டாதீர்கள். அது காட்டும் நூலுக்குப் போய் முழு அடியை எடுத்து வாருங்கள். இன்னொன்று: ‘திவா.’, ‘பிங்.’, ‘சூடா.’ என்று வந்தால் அவை திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி ஆகிய நிகண்டுகள். நிகண்டு சொற்பட்டியல், அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டு என்று சொல்லுமே தவிர, யாரும் வாக்கியத்தில் ஆண்டதற்குச் சான்று ஆகாது. அதை ஆதாரப் பகுதியில் வையுங்கள், இலக்கிய மேற்கோளாக வைக்காதீர்கள். இந்த வேறுபாடு தெரியாமல் நான் கொஞ்ச நாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுத்தைத் துடையுங்கள்

நகலெடுத்த பாட்டில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு நிறைய ஒட்டிக்கொண்டு வரும். பார்க்கச் சரியாக இருக்கும், தேடினால் சிக்காது. நான் வழக்கமாகப் பார்ப்பவை:

‘ஔ’ ஓர் எழுத்து. பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று வைத்துவிடுவார்கள். அப்படி எழுதினால் ‘ஔவை’ என்று தேடுபவருக்கு ‘ஒளவை’ கிடைக்காது. ‘கௌ’, ‘மௌ’ போன்றவற்றிலும் இதே கதை; ‘கெள’ என்று மூன்று துண்டாக இருக்கும்.

‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்த ‘ா்’. சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரைகளிலும், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தந்த உரைகளிலும் இது கொட்டிக் கிடக்கும். அந்த மென்பொருள் ‘ன’வை ‘ள’ ஆக்கும், ‘எ’வை ‘ஏ’ ஆக்கும். பாட்டில் அது பொருளையே மாற்றிவிடும்.

பழைய அச்சில் ணை, லை, ளை, னை எழுத்துகளுக்கு முன்னால் துதிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா எழுத்துகளும் வேறு வடிவில் இருக்கும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்தைய வடிவங்கள் அவை. இதற்காகத் திகைக்க வேண்டாம், இன்றைய எழுத்திலேயே தட்டுங்கள். வடிவம்தான் வேறு, எழுத்து அதேதான். மூலத்தை மாற்றியதாக ஆகாது.

சீர் பிரிப்பா, சொல் பிரிப்பா?

வழிகாட்டியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டிய இடம் இது. தமிழுக்கே உரிய தலைவலி என்றும் சொல்லலாம்.

மேலே உள்ள குறளின் கடைசிப் பகுதியைத் திரும்பப் பாருங்கள்: ‘உள்ளதொன் றுண்டு’. ‘உள்ளது ஒன்று உண்டு’ என்பதுதான் சொற்கள். வெண்பாவின் தளைக்காகச் சீர் பிரித்தபோது ‘ஒன்று’ நடுவில் உடைந்து, பாதி அந்தச் சீரிலும் பாதி இந்தச் சீரிலும் போய்விட்டது. யாப்புக்கு இது சரி. அகராதியில் ‘ஒன்று’ பக்கத்துக்கு வந்தவர் ‘தொன்’னையும் ‘றுண்டு’வையும் பார்த்து என்ன செய்வார்?

குறுந்தொகை 40இல் இன்னும் மோசம். புணர்ச்சி பிரிக்காத பாடம்:

செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

பிரித்த பாடம்:

செம்புலப் பெயல் நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே

பெயல் + நீர் சேர்ந்து ‘பெயனீர்’ ஆனது. பாட்டின் ஆசிரியருக்கே செம்புலப்பெயனீரார் என்றுதான் பெயர், இந்த உவமையால் வந்த பெயர். ‘நெஞ்சம்’ இங்கே ‘நெஞ்சந்’. ‘தாம்’ அடுத்த சொல்லின் ககரத்தைப் பார்த்ததும் ‘தாங்’. ஐந்தாறு தலைச்சொற்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டு அடிகள். அவற்றில் பாதிச் சொற்கள் தம் சொந்த முகத்தோடு இல்லை.

நான் ஒருமுறை ‘நீர்’ பக்கத்துக்கு இந்த அடியைச் சேர்த்தேன். என் கையிலிருந்த பதிப்பில் ‘பெயனீர்’ என்றுதான் இருந்தது. அதில் நீரைத் தடித்த எழுத்தாக்க முடியவில்லையே என்று நானாக ‘பெயல்நீர்’ என்று பிரித்து எழுதி, கீழே அதே பதிப்பின் பெயரையும் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: “ஐயா, நீங்கள் சொல்லும் பதிப்பு என்னிடமும் இருக்கிறது. அதில் பெயனீர் என்றுதானே உள்ளது? பெயல்நீர் எங்கே எடுத்தீர்கள்?” பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் செய்தது பெரிய தப்பாகத் தோன்றாமல் இருக்கலாம், பொருள் மாறவில்லைதான். ஆனால் என் கையால் மாற்றியதைப் புலவர் பெயரில் எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிப்பது இதுதான். மேற்கோள் வரியில் நீங்கள் காட்டும் பதிப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே வையுங்கள். அது பிரித்த பதிப்பானால் பிரித்தது, சேர்ந்த பதிப்பானால் சேர்ந்தது. சேர்ந்த பாடமாக இருந்து சொல் அடையாளம் தெரியவில்லை என்றால், அடுத்த வரியில் ‘சொல் பிரித்து:’ என்று தொடங்கி, பிரித்த வடிவத்தைத் தனியாகத் தாருங்கள். தேடுபவருக்கும் அது உதவும், ‘நெஞ்சம்’ என்று தேடினால் இரண்டாவது வரி சிக்கும். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் பிரித்து அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்வது இன்னும் சுலபம். சங்க இலக்கியத்துக்கு அப்படிப்பட்ட பதிப்புகள் நிறையவே உண்டு. குறளுக்கு மட்டும் சீர் பிரித்த வடிவத்தைத்தான் நான் விரும்புவேன். நாலு சீர், மூன்று சீர் என்று கண்ணுக்குப் பழகிய உருவம் அது. கலைத்தால் குறளாகவே தெரியாது.

குறியீடு போடும் முறை

சரி, இப்போது தொகுப்புப் பெட்டியைத் திறக்கலாம். விக்கி வகை அகராதிகளில் வரித் தொடக்கத்தில் # இட்டால் அது எண்ணிட்ட பொருள். அதன் கீழே #* இட்டால் அந்தப் பொருளுக்குரிய மேற்கோள். #*: இட்டால் அந்த மேற்கோளின் தொடர்ச்சி. நாற்றத்தின் பக்கம் இப்படி அமையும். அடி முறியும் இடத்தில் ஆங்கிலத்தின் பி, ஆர் இரண்டு எழுத்தையும் கூர் அடைப்புக்குள் இட வேண்டும்; இங்கே அதை <பிஆர்> என்று காட்டுகிறேன்.

# நறுமணம், வாசனை
#* முகைமொக்குள் உள்ளது '''நாற்றம்'''போல் பேதை<பிஆர்>நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு (திருக்குறள், 1274)
#*: பொருள்: விரியாத மொட்டுக்குள் மணம் அடங்கியிருப்பதுபோல, இவள் புன்னகைக்குள்ளும் ஏதோ ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது.
# கெட்ட வாடை

இதில் கவனிக்க வேண்டியவை சில. மேற்கோள் எந்தப் பொருளைக் காட்டுகிறதோ அதன் அடியிலேயே இருக்கிறது. சில தளங்களில் எல்லா மேற்கோளையும் பக்கத்தின் கீழே ‘இலக்கியப் பயன்பாடு’ என்ற தனித் தலைப்பில் வைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் தளத்தின் வழக்கம் அதுவானால் அதன்படியே செய்யுங்கள், ஆனால் ‘பொருள் 1’ என்று முன்னால் குறித்துவிடுங்கள். ஐந்து பொருள் உள்ள சொல்லுக்குக் கீழே மேற்கோள் அநாதையாகக் கிடந்தால் யாருக்கு என்ன தெரியும்?

#, #* வரிகளுக்கு நடுவே வெற்று வரி விடாதீர்கள். விட்டால் எண்ணிக்கை அறுந்து, இரண்டாவது பொருளும் 1 என்றே வரும். புதிதாகத் தொகுப்பவர்களின் பக்கங்களில் மூன்று பொருளும் 1, 1, 1 என்று நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அடி முறிக்கத் தொகுப்புப் பெட்டியில் என்டர் தட்டினால் போதாது. பட்டியலுக்குள் என்டர் தட்டினால் இரண்டாம் அடி பட்டியலை விட்டே வெளியே விழுந்துவிடும். சாதாரணப் பத்தியிலோ இரண்டு அடியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக ஓடும். நீளமான பாட்டுகளுக்கென்று விக்கியில் தனி டேக் (கூர் அடைப்புக்குள் இடும் குறியீடு) ஒன்று உண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் இட்டால் நடுவில் உள்ள அடிகள் அப்படியே நிற்கும். ஆனால் # பட்டியலுக்குள் அதைப் போட்டால் பட்டியல் குலைந்துபோகும். பட்டியலுக்குள் முறிப்பு டேக், தனிப் பகுதியில் பாட்டு டேக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: மின்னூலிலிருந்து ஒட்டிய பாட்டின் வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தாலே விக்கி அந்த வரியைத் தட்டச்சுப்பொறி எழுத்தில் கட்டம் கட்டிக் காட்டும். ‘என் பாட்டு ஏன் பெட்டிக்குள் போனது?’ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இடைவெளியை அழித்தால் சரியாகிவிடும்.

தலைச்சொல்லைத் தடித்த எழுத்தாக்க மூன்று ஒற்றை மேற்கோள்குறி. இரண்டு இட்டால் சாய்வெழுத்து. தமிழில் அதைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். சாய்ந்த தமிழ் எழுத்து திரையில் நன்றாக இருப்பதில்லை, புள்ளியும் கொம்பும் பக்கத்து எழுத்தின் மேல் போய் இடிக்கின்றன. தடித்த எழுத்து ஒன்றே போதும், அதுவும் தலைச்சொல்லுக்கு மட்டும்.

ஆனால் எங்கே தடிப்பை நிறுத்துவது? ‘நாற்றம்போல்’ என்பதில் சிக்கலில்லை; ‘நாற்றம்’ புள்ளியோடு முடிகிறது, அங்கேயே நிறுத்தலாம். ‘உள்ளது’ என்பதற்கு இதே குறளை எடுத்தால் ‘உள்ளதொன்’ என்று நிற்கிறது. ‘உள்ளத’ வரை தடித்து, ‘ொ’வை வெளியே விட முடியாது. ‘தொ’ ஒரே எழுத்து. தகரத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே குறியீட்டைச் செருகினால் அந்தக் குறி அநாதையாகி, பல உலாவிகளில் புள்ளிவட்டத்தோடு விகாரமாகத் தெரியும். இப்படி உயிர் ஏறிய இடங்களில் முழுச் சொல்லையும் தடித்துவிடுங்கள்: '''உள்ளதொன்'''. வேற்றுமை உருபு ஒட்டிய சொற்களுக்கும் இதேதான். ‘தமிழுக்கு’ என்றால் ‘தமிழ்’ வரை நிறுத்த வழியில்லை, முழுதும் தடிக்கட்டும்.

மேற்கோளுக்குள் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் இணைப்புக் கொடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பாட்டு முழுவதும் நீலமும் சிவப்புமாகி, தடித்த சொல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அருஞ்சொற்களுக்கு இணைப்பு வேண்டுமானால் பொருள் வரியில் கொடுங்கள்.

உங்கள் தளத்தில் மேற்கோளுக்கென்று வார்ப்புரு (பல பக்கங்களில் பயன்படும் ஆயத்த அச்சு) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பின்னாளில் எல்லாப் பக்கத்தின் தோற்றத்தையும் ஒரே இடத்தில் மாற்றலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: வார்ப்புருவுக்குள் பெயர் சொல்லாமல் இடும் மதிப்பில் = குறி வந்தால் அது குழம்பி, மேற்கோளே காணாமல் போகும். பாட்டில் = வராது, ஆனால் நீங்கள் ஒட்டும் இணைய முகவரியில் பெரும்பாலும் வரும். மதிப்புக்கு முன்னால் 1= என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்

அடைப்புக்குள் நூற்பெயரை முழுதாக எழுதுங்கள். பேரகராதிக்குத் தாள் செலவு இருந்தது, சுருக்கினார்கள். நமக்கு என்ன?

நூலுக்கு நூல் முகவரி வேறுபடும். திருக்குறளுக்குக் குறள் எண் போதும். அதிகார எண்ணும் சேர்த்தால் மிகை. ஆனால் அந்த எண் பரிமேலழகர் வரிசைப்படி வந்தது. மணக்குடவர் உரைப் பதிப்பைப் பார்த்து எண்ணினால் சில அதிகாரங்களில் குறள்கள் இடம் மாறியிருக்கும். எட்டுத்தொகை நூல்களுக்குப் பாட்டு எண்ணும் அடி எண்ணும்: (குறுந்தொகை, 40: 4–5). பாடியவர் பெயர் தெரிந்தால் சேர்க்கலாம். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்பதால் பாட்டு எண் 11இல் தொடங்கி 90இல் முடியும். 5 என்றோ 95 என்றோ எண் வந்தால் எங்கோ பிழை. அதுபோலவே புறநானூற்றில் 267, 268 இரண்டும் கிடைக்காத பாட்டுகள்.

சிலப்பதிகாரத்துக்குக் காதையின் பெயரும் அடி எண்ணும் கொடுங்கள். முப்பது காதைகளில் இருபதாவது என்பதைவிட ‘வழக்குரை காதை’ என்பது படிப்பவருக்கு உடனே புரியும். தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாட்டு என்று மூன்று எண்: ‘தோடுடைய செவியன்’ என்றால் 1.1.1. கம்பராமாயணத்துக்குக் காண்டமும் படலமும் கட்டாயம் வேண்டும்; மிகைப் பாடல்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் பதிப்புகள் மாறுபடுவதால் வெறும் பாட்டு எண் உங்களை வேறு பாட்டில் கொண்டுபோய் விடும். தொல்காப்பியத்தில் நூற்பா எண் உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அதிகாரம், இயல், நூற்பா எண், யாருடைய உரை என்று நான்கையும் சொல்லிவிடுங்கள்.

சொல் மூலத்தில் இல்லாமல் உரையில் மட்டும் இருந்தால் அதையும் மறைக்கக்கூடாது. (திருக்குறள், 1274, பரிமேலழகர் உரை) என்று எழுதினால் அந்தச் சொல்லை ஆண்டவர் வள்ளுவர் இல்லை, பரிமேலழகர் என்று புரியும். இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டு இருக்கிறது. சொல்லின் வரலாற்றைத் தேடுபவருக்கு அது பெரிய தூரம்.

ஆண்டு போடுவதா? இன்றைய உரைநடைக்குப் போடுங்கள்: ஆசிரியர், நூல், முதலில் வெளிவந்த ஆண்டு, நீங்கள் பார்த்த பதிப்பு, பக்கம். பழைய இலக்கியத்துக்கு நூற்றாண்டு போடுவதை நான் தவிர்ப்பேன். சிலப்பதிகாரத்தின் காலம் என்னவென்று அறிஞர்களே வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு சொல்லின் கீழே அடைப்புக்குள் நாம் தீர்ப்பு எழுதுவானேன்?

பொருள் வரியும் பதிப்புரிமையும்

பொருள் வரியை உங்கள் சொந்த நடையில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். குறளுக்கும் சங்கப் பாட்டுக்கும் பதிப்புரிமை இல்லை. ஆனால் நம் காலத்து உரையாசிரியர் எழுதிய தெளிவுரைக்கு உண்டு, அதை ஒட்டினால் அத்துமீறல். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை. இலங்கையில் 70 ஆண்டு. பாரதியார் 1921இல் மறைந்தவர், அவர் எழுத்தைத் தாராளமாக எடுக்கலாம். தமிழ்நாட்டரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் அப்படியே. உரிமை உள்ள நாவலிலிருந்தோ சிறுகதையிலிருந்தோ எடுப்பதானால் ஒரு வாக்கியம், ஆசிரியர் பெயரோடு. அதற்கு மேல் அகராதிக்குத் தேவையும் இருக்காது. புதுக்கவிதையில்தான் கை தயங்க வேண்டும். நாலு வரிக் கவிதையில் ஒரு வரி என்றாலே கால் பங்கு.

நடுவில் விடும் சொற்களுக்கு மூன்று புள்ளி இடுங்கள். நீங்கள் விளக்கத்துக்காகச் சேர்த்த சொல்லைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள், ஆனால் ஒற்றைச் சதுர அடைப்புதான். இரட்டையாக இட்டால் விக்கி அதை இணைப்பாக்கிவிடும். மூலத்தில் அச்சுப்பிழை என்று உறுதியாகத் தெரிந்தால்கூடச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். வேறொரு நல்ல பதிப்பைத் தேடி, அதையே சான்றாகக் காட்டுங்கள். காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் பதிப்பாசிரியர் இட்டவை, ஓலையில் கிடையாது. என்றாலும் நீங்கள் பதிப்பைச் சுட்டுவதால் அதில் உள்ளபடியே வைத்துவிடுங்கள்.

சேமிக்கும் முன்

முன்தோற்றம் காட்டச் சொல்லிப் பாருங்கள். நான் மூன்று இடத்தில் கண்ணை ஓட்டுவேன்: பொருள்களின் எண் வரிசை 1, 2, 3 என்று ஓடுகிறதா, தடித்த எழுத்து தலைச்சொல்லோடு நிற்கிறதா, இல்லை மூடும் குறி ஒன்று குறைந்து வரி முழுக்கப் பரவியிருக்கிறதா, எங்காவது புள்ளிவட்டம் எட்டிப் பார்க்கிறதா. அப்புறம் கைபேசி அளவில் ஒருமுறை. ஆசிரியப்பாவின் நாற்சீர் அடி சிறிய திரையில் மடிந்து அடுத்த வரிக்குப் போகும். அடி எங்கே முடிகிறது என்று தெரியாது. அதற்காக அடியை நீங்களே இரண்டாக உடைக்காதீர்கள், கணினியில் பார்ப்பவருக்கு நாலடிப் பாட்டு எட்டடிப் பாட்டாகத் தெரியும்.

புதியவரானால் முதல் இரண்டு மூன்று மேற்கோளை மணல்தொட்டியில் (பழகிப் பார்ப்பதற்கான பக்கத்தில்) செய்து பார்த்துவிட்டு, பிறகு பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் ‘மேற்கோள் சேர்ப்பு: குறுந்தொகை 40, பொருள் 2க்கு’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அண்மைய மாற்றங்களைக் கண்காணிப்பவர் பக்கத்தைத் திறக்காமலே என்ன நடந்தது என்று புரிந்துகொள்வார். பேச்சுப் பக்கத்தில் யாராவது பதிப்பைக் கேட்டால், நூலைக் கையில் எடுத்துப் பக்க எண்ணைச் சொல்லுங்கள்.